சுவரில் நின்ற தண்ணீர்க் கோடு: சூறாவளிக்குப் பிறகு படமெடுப்பவர்களுக்கு

கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு, 2005 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழுப்புக் கோடு மறந்திருக்காது. தொட்டியில் தண்ணீர் பல நாள் நின்று வற்றினால் உள்விளிம்பில் ஒரு கறை படியுமே, அதேபோல ஊர் முழுக்க ஒரு கறை. சுவரில், கதவில், காரில், வேலியில் எல்லாம் ஒரே மட்டத்தில் ஓடும். கேமராவோடு தெருவுக்குள் நுழைகிற யாரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் அந்தத் தடித்த கோடு தண்ணீர் ஏறிய உச்சம் இல்லை. தண்ணீர் ஏறி, கொஞ்சம் இறங்கி, பிறகு நகராமல் நாள்கணக்கில் நின்ற மட்டம் அது. உச்சம் அதற்கு மேலே, கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத ஒரு மெல்லிய வரியாக இருக்கும். மரத்தூள், புல்துணுக்கு, விதை, நுரையில் மிதந்து வந்த பொடி எல்லாம் சுவரில் ஒட்டி நிற்கும் வரி. ஒரு மழை பெய்தால் போய்விடும். கை பட்டாலே உதிர்ந்துவிடும்.

அந்த மெல்லிய வரிதான் பிற்பாடு எல்லாரும் தேடுவது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ஆட்கள் ஒவ்வொரு பெரிய சூறாவளிக்கும் பிறகு ஊர் ஊராகப் போய் இந்த வரிகளைத் தேடிக் குறிக்கிறார்கள். வெள்ள வரைபடம், கட்டட விதி, இன்சூரன்ஸ் வழக்கு எல்லாவற்றுக்கும் அது ஆதாரம். அவர்கள் வந்து சேருவதற்குள் பாதி வரிகள் அழிந்திருக்கும். முதல் இரண்டு நாளில் அங்கே இருப்பது உள்ளூர்க்காரரும் மீட்புப் பணியாளரும்தான். ஆகவே அவர்கள் எடுக்கும் படத்துக்கு மதிப்பு அதிகம், சரியாக எடுத்தால்.

எங்கே தேடுவது? வெளிச்சுவரில் வேண்டாம். அங்கே அலை அடித்திருக்கும். வரி ஏறி இறங்கித் தெரியும். வீட்டுக்குள், அதிலும் கதவு மூடியிருந்த சின்ன அறையில், துணி மாட்டும் அலமாரியின் உட்சுவரில் பாருங்கள். தண்ணீர் அங்கே சலனமில்லாமல் ஏறியிருக்கும். ஃபிளாஷை நேராக அடித்தால் ஈரச் சுவர் பளபளத்து வரி மறைந்துவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்படி வைத்தால் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு நிழல் விழும். வரி எழுந்து நிற்கும். பிறகு அளவு நாடா. நாடாவின் கீழ்முனை தரையைத் தொடுவதும் ஒரு படத்தில் தெரிய வேண்டும், வரி நிற்கும் இடத்து எண்ணும் இன்னொரு படத்தில் வாசிக்கும்படி இருக்க வேண்டும். மேல் எண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்துக்கொண்டு வருகிற படங்கள் ஏராளம். நாடா எங்கிருந்து தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் பல வீடுகள் தூண்மேல் உயர்த்திக் கட்டியவை. அதனால் வீட்டுத் தரையிலிருந்து வரிவரை ஓர் அளவு, வெளியே மண்ணிலிருந்து வீட்டுத் தரைவரை இன்னோர் அளவு, இரண்டும் வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டு பகுதிப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கத்ரீனா கரை ஏறியது ஆகஸ்ட் 29. தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும்போதே செப்டம்பர் 23, 24-இல் ரீட்டா புயலில் அதே பகுதி மறுபடி முங்கியது. தேதி இல்லாத படத்தில் இருக்கும் கோடு எந்தத் தண்ணீருடையது என்று சொல்ல முடியாது.

காற்றா, தண்ணீரா

அமெரிக்காவில் சூறாவளிக்குப் பிறகு ஒரு வீட்டுக்காரரின் தலைவிதியை நிர்ணயிக்கிற கேள்வி இது. வழக்கமான வீட்டு இன்சூரன்ஸ் காற்றால் வந்த சேதத்துக்குப் பணம் தரும். அதிலும் கடற்கரைப் பகுதிகளில் காற்றுக்குத் தனி பாலிசி எடுத்திருப்பார்கள். வெள்ளத்துக்குத் தராது. கடல் ஏறி வந்த நீரும் வெள்ளக் கணக்குதான். வெள்ளத்துக்கு 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். அந்த பாலிசி இல்லாதவர்கள் நிறையப் பேர். கத்ரீனாவில் மிஸிஸிப்பிக் கரையில் கடல் 27 அடிக்கு மேல் ஏறி வந்தது. பின்னால் மிஞ்சியது கான்கிரீட் தளம் மட்டும். காற்று முதலில் பிய்த்ததா, கடல் வந்து இழுத்ததா என்று வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் சண்டை நடந்தது.

இந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்ல முடியும். காற்று பெரும்பாலும் மேலிருந்து கீழே கெடுக்கும்: ஷிங்கிள் ஓடு பறக்கும், அதன் கீழ் பலகை பிரியும், மழை உள்ளே இறங்கி மேல்தளத்துச் சீலிங் தொங்கும். தண்ணீர் கீழிருந்து மேலே வரும்: கீழ்ச்சுவர் பலகைகள் ஒரு மட்டம்வரை பிடுங்கிப் போயிருக்கும், அதற்கு மேல் ஓடுகூடக் கலையாமல் இருக்கும். ஆகவே ஒரே படச் சட்டத்துக்குள் கூரையும் கீழ்ச்சுவரும் சேர்ந்து விழும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லாரும் உடைந்த இடத்தை நெருங்கி எடுக்கிறார்கள். உடையாத இடத்தை யாரும் எடுப்பதில்லை. வழக்கில் பேசுவது பல நேரம் உடையாத இடம்தான்.

வீடே இல்லை, தளம்தான் இருக்கிறது என்றாலும் எடுக்க விஷயம் இருக்கிறது. சுவரைத் தளத்தோடு பிணைத்த போல்ட்டுகளும் இரும்புப் பட்டைகளும் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று பாருங்கள். நிலப்பக்கமாகவா, கடல்பக்கமாகவா? தண்ணீர் உள்ளே வரும்போதும் தள்ளும், திரும்பும்போதும் இழுக்கும். காம்பஸ் செயலியைத் திறந்து இன்னொரு போனில் வைத்து அதையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் திசைக்குத் தனிக்குறிப்பு வேண்டாம். அடுத்தது மரங்கள். சாய்ந்த மரம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, நிற்கும் மரத்தின் கிளையில் எவ்வளவு உயரத்தில் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கின்றன, இலை எந்த உயரம்வரை உப்பு பட்டுக் கருகியிருக்கிறது என்பதெல்லாம் சாட்சி. குப்பை ஒதுங்கிய எல்லை தெருவில் எங்கே முடிகிறது என்பதும் அப்படியே. புல்டோசர் வந்தால் அது முதல் நாளே போய்விடும். பாதை திறப்பதுதான் அவர்களுக்கு முதல் வேலை.

ஒரு வீட்டை எடுக்கும் வரிசை

வீட்டு எண்ணும் தெருப் பலகையும் முதல் இரண்டு படம். எண் போயிருந்தால் தபால் பெட்டி, மின்மீட்டர் எண், அடையாளம் தெரியும் பக்கத்து வீடு. பிறகு வெளியே நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, ஒவ்வொரு படத்திலும் இரண்டு சுவர் விழும்படி. கூரையை எதிர்த் தெருவில் நின்று ஜூம் பண்ணி எடுங்கள்; ஈரக் கூரையில் ஏறிய ஆர்வலர்களைத் தூக்கிக்கொண்டு போக ஆம்புலன்ஸ் வரும் நிலைமை அங்கே இருக்காது.

உள்ளே நுழையும் முன் கேஸ் வாடை வருகிறதா, சீலிங் தொங்குகிறதா என்று வாசலிலேயே நின்று பாருங்கள். நுழைந்த பிறகு இடமிருந்து வலமாக ஒரே திசையில் சுற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு நான்கு படம், மூலைகளிலிருந்து, தரையும் சீலிங்கும் தெரிய. பொருள் கவிழ்ந்து கிடந்தால் கிடந்தபடி. நிமிர்த்தி வைத்து எடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், வெளியே இருக்கும் ஏசி யூனிட் ஆகியவற்றின் வரிசை எண் தகடு தனித்தனியாக வாசிக்கும்படி வேண்டும். வெள்ளக் காப்பீட்டில் இதைக் கேட்பார்கள். கார்ப்பெட்டில் கையகலத் துண்டு ஒன்றை வெட்டிப் பையில் போட்டு வைக்கச் சொல்வதும் அவர்கள்தான். ஒரு சாதாரண வீட்டுக்கு எழுபது எண்பது படம் ஆகும். ஆகட்டும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு: அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் ஆள், வந்து பார்க்கட்டும் என்று நனைந்த எல்லாவற்றையும் அப்படியே போட்டுவைப்பது. பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்தில் பிடித்துவிடும். அது பரவிய பிறகு, காய வைக்காமல் விட்டது உங்கள் குற்றம் என்று பேச்சு வரும். படமெடுத்த உடனே வெளியே தூக்கிப் போடலாம், போட வேண்டும். அதற்குத்தான் படம். இழப்பு விவரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வெள்ளக் காப்பீட்டில் வழக்கமான கெடு 60 நாள். பெரிய புயல்களில் அதை நீட்டித்துத் தருவதுண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தெருவோரத்தில் குவிக்கும்போது மரக்கிளை, இடிந்த கட்டடப் பொருள், ஃப்ரிட்ஜ் போன்ற பெரிய வீட்டுச் சாதனங்கள், மின்னணுப் பொருள், பெயின்ட்டும் ரசாயனமும், வீட்டுக் குப்பை என்று தனித்தனிக் குவியலாகப் போடச் சொல்வார்கள். கலந்து போட்டால் லாரிக்காரர் தாண்டிப் போய்விடுவார். ஒவ்வொரு குவியலையும் ஆள் ஒருவரை அருகில் நிறுத்தி எடுங்கள், அளவு தெரியும். ஃப்ரிட்ஜைத் திறந்து எடுக்க நினைக்காதீர்கள். மூன்று வாரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஃப்ரிட்ஜ் அது. கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அதை டேப்பால் சுற்றிக் கட்டித் தெருவில் வைத்து, மேலே கோபமும் கிண்டலுமாக எழுதிவைத்தார்கள். அந்த எழுத்துகளுக்காகவே ஃப்ரிட்ஜ்களைத் தேடித் தேடி எடுத்தவர்கள் உண்டு. மூடிய ஃப்ரிட்ஜை எடுத்தார்கள்.

கதவில் இருக்கும் பெருக்கல் குறி

மீட்புப் பணியின் படங்களில் பலருக்கும் புரியாதது வாசலருகே ஆரஞ்சு ஸ்பிரே பெயின்ட்டில் இருக்கும் குறி. ஃபீமா எனப்படும் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையின் தேடல் குழுக்கள் மொத்தம் 28. கத்ரீனாவில் அவர்கள் போட்ட குறி இது: ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடிப் பெருக்கல் குறி.

குழு வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சாய்கோடுதான் போடும். வெளியே வந்த பிறகே அதை வெட்டிக்கொண்டு இரண்டாவது கோடு. ஆகவே ஒற்றைக் கோடு மட்டும் இருக்கும் கதவைக் கண்டால் உள்ளே குழுவின் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று பொருள். அல்லது இருந்தவர்கள் இரண்டாவது கோடு போடாமலே போயிருக்கிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது, அருகில் இருக்கும் குழுவிடம் சொல்ல வேண்டும்.

குறி முடிந்ததும் நான்கு காலி இடம் கிடைக்கும். இடப்பக்கம் குழுவின் அடையாளம்: டெக்ஸஸ், கலிஃபோர்னியா என்று மாநிலச் சுருக்கமும் குழு எண்ணும். மேலே வெளியேறிய தேதியும் நேரமும். வலப்பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து: கேஸ் கசிவு, எலி, இடியும் தரை. கீழே எண்ணிக்கை: உள்ளே இன்னும் இருப்பவர்களில் உயிரோடு எத்தனை, இறந்தவர் எத்தனை. அந்தக் கீழ் எண்தான் எல்லாரும் முதலில் பார்ப்பது. பெரும்பாலும் சைபர். நுழைய முடியாமல் வெளியிலிருந்து மட்டும் பார்த்த வீட்டில் ‘என்இ’ என்று எழுதியிருக்கும், நுழையவில்லை என்பதன் சுருக்கம். ‘என்இ’ உள்ள வீட்டில் சைபர் இருந்தால் அந்தச் சைபருக்குப் பெரிய அர்த்தமில்லை. இதைக் கவனிக்காமல் ‘யாரும் இறக்கவில்லை’ என்று படத்துக்கு அடியில் எழுதியவர்கள் உண்டு.

அதே கதவில் வேறு நிறத்தில் நாய், பூனை பற்றிய எழுத்தும் இருக்கும். பின்னால் வந்த விலங்கு மீட்புக் குழுக்கள் எழுதியது. உணவும் தண்ணீரும் வைத்த தேதி, எத்தனை பூனையை எடுத்துச் சென்றார்கள் என்றெல்லாம். ஆக ஒரு கதவு பல வார நாட்குறிப்பு. அதை எடுக்கும்போது நேராக நின்று, நான்கு பக்கமும் வெட்டுப்படாமல், எழுத்து வாசிக்கும்படி ஒன்று. பின்வாங்கி வீடும் எண்ணும் தெரிய ஒன்று. கோணலாகக் கலையாக எடுப்பதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் வழிந்து எண் குழம்பியிருந்தால் குறிப்புப் புத்தகத்தில் நேரில் என்ன வாசித்தீர்கள் என்று எழுதுங்கள். 1-க்கும் 7-க்கும் பின்னால் தகராறு வரும். இந்தக் குறி எல்லா நாட்டுக்கும் பொதுவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சர்வதேசத் தேடல் குழுக்கள் பயன்படுத்துவது சதுரக் குறி. நியூ ஆர்லியன்ஸில் சிலர் வீட்டைப் புதுப்பித்த பிறகும் அந்த ஆரஞ்சுக் குறியை அழிக்காமல் விட்டார்கள். வேறு சிலர் அதையே இரும்பில் அடித்துச் சுவரில் மாட்டினார்கள்.

மணி, இடம், கோப்பு

படக் கோப்புக்குள் கேமரா தானாக எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும் நேரம் கேமரா கடிகாரத்தின் நேரம். வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களின் கேமரா ஒரு மணி நேரம் தள்ளியே ஓடும். 2018 அக்டோபர் 10-இல் மைக்கேல் சூறாவளி அடித்த ஃபுளோரிடாவின் மெக்ஸிகோ பீச் ஊர் இன்னும் மோசம்: மத்திய நேரமும் கிழக்கு நேரமும் பிரியும் எல்லை அந்த ஊரின் கிழக்கு விளிம்பில்தான். பக்கத்து ஊர் டவரைப் பிடித்தால் போன் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் தாவும். இதற்குச் சுலபமான மருந்து, தினம் காலையில் கேமராவால் எடுக்கும் முதல் படம் போனில் தெரியும் ஜிபிஎஸ் நேரம். எவ்வளவு பிசகு என்று பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கேமராவின் கடிகாரத்தை நடுவில் திருத்தாதீர்கள். அதே நாளில் இரண்டு கணக்கு ஆகிவிடும்.

டவர் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஏரோபிளேன் மோடில் போட்டால் போன் டவரைத் தேடித் தேடிச் சார்ஜைத் தின்பது நிற்கும். இடக் குறிப்பு பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு நேரமும் இடமும் உதிர்ந்துபோகும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். அசல் கோப்பில் கை வைக்காதீர்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிபோல் மூடிக்கொள்ளும். துடைத்தால் மறுபடி மூடும். இறங்குவதற்கு முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை மூடிவிட்டால் ஈரம் பைக்கு வெளியே படியும். கால் மணி நேரத்தில் கேமரா சூடேறிவிடும். ஏசியை முதலிலேயே நிறுத்துவது இன்னும் நல்லது. உடைந்த ஜிப்சம் பலகைத் தூள் பறக்கும் வீட்டுக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புத் தண்ணீரில் கேமரா விழுந்தால் வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்க்கத்தான் கை போகும். அங்கேதான் போர்டு போய்விடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மெமரி கார்டை நல்ல தண்ணீரில் அலசி நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் படங்கள் பிழைத்துக்கொள்ளும்.

நடக்கும்போது

ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் ஆளைச் சாய்க்கும், ஓரடி இருந்தால் பெரும்பாலான கார்களை நகர்த்தும். வடியாத தெருவில் மூடி திறந்த சாக்கடைக் குழி தண்ணீருக்குக் கீழே தெரியாது. நீண்ட கம்பால் முன்னால் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் காலெடுத்து வைப்பது கேமராக்காரர்களுக்கே உரிய வழுக்கல். ஆணி குத்தாத தடித்த அடியுள்ள பூட்ஸ், டெட்டனஸ் ஊசி, முழுக்கை. உப்பு கலந்த வெள்ளத்தில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கும். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் இறங்காதீர்கள். 2022-இல் இயன் சூறாவளிக்குப் பிறகு தென்மேற்கு ஃபுளோரிடாவில் அதனால் இறந்தவர்கள் உண்டு. 2017-இல் ஹார்வி சூறாவளி வெள்ளத்தில் ஹூஸ்டன் பக்கம் தண்ணீரில் செம்பழுப்பு நிறத்தில் பாய்போல் ஏதோ மிதக்கும் படங்கள் வந்தன. அது குப்பையில்லை, லட்சக்கணக்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மிதந்த நெருப்பெறும்புகள். உங்கள் கால் அவற்றுக்குக் கரை.

அறுந்து கிடக்கும் மின்கம்பியிலிருந்து 35 அடி தள்ளி நில்லுங்கள். ஊரில் கரண்ட் இல்லையே என்ற தைரியம் வேண்டாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வரும். ஜெனரேட்டர் இன்னொரு விதத்திலும் கொல்லும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும் என்பது விதி. கராஜுக்குள் வைத்துக் கதவைப் பாதி திறந்திருப்பார்கள். 2020-இல் லாரா சூறாவளிக்குப் பிறகு லூயிசியானாவில் கார்பன் மோனாக்ஸைடில் ஒரே வீட்டில் பலர் இறந்தார்கள். அப்படி ஒரு ஜெனரேட்டரைக் கண்டால் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எடுங்கள்.

மீட்பவர்கள் நடுவே

கத்ரீனாவில் கடலோரக் காவல்படை மட்டும் 33,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது, பெரும்பகுதி ஹெலிகாப்டரிலும் சின்னப் படகிலும். அந்தப் படகில் நீங்கள் ஏறினால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு இடமில்லை. வெறும் படகாகப் போகும்போது கேட்கலாம், ஆளோடு திரும்பும்போது கேட்கக் கூடாது. ஏறியவர் கயிறு பிடிக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

படகிலும் ஹெலிகாப்டரிலும் இன்ஜின் அதிர்வு இருக்கும். முதுகையோ முழங்கையையோ அவற்றின் சட்டத்தில் சாய்த்தால் அதிர்வு கேமராவுக்கு வரும். உடம்பைத் தளர்த்தி, கேமராவை மார்பை ஒட்டிப் பிடித்து 1/1000 வினாடி. தரையிலிருந்து ஹெலிகாப்டரை எடுக்கும்போது கணக்கே வேறு. 1/1000-இல் இறக்கை உறைந்து நின்றுவிடும், வானத்தில் தொங்கவிட்ட பொம்மைபோல் இருக்கும். 1/125 பக்கம் இறங்கினால் இறக்கை சுழல்வது தெரியும். நான்கைந்து படத்தில் ஒன்று கூர்மையாக வரும். ஆள் தூக்கும் ஹெலிகாப்டருக்குக் கீழே போகாதீர்கள். அந்தக் காற்றில் பிரிந்த தகரமும் ஒட்டுப்பலகையும் பறந்து வரும். இரவில் ஃபிளாஷ் கூடவே கூடாது. விமானி இரவுப்பார்வைக் கண்ணாடி போட்டிருப்பார், ஒரு மின்னலில் அவருக்கு எல்லாம் வெளுத்துவிடும்.

இடிந்த கட்டடத்தில் திடீரெனக் கையுயர்த்தி எல்லாரையும் அமைதிப்படுத்துவார்கள். உள்ளிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்கும் நேரம் அது. ஷட்டர் சத்தம்கூட வேண்டாம். டிரோன் வைத்திருந்தால் பையிலேயே இருக்கட்டும். மீட்புப் பகுதிக்கு மேலே விமானப் போக்குவரத்து நிர்வாகம் தற்காலிகத் தடை போடும். ஒரு டிரோன் தெரிந்தால் ஹெலிகாப்டர்கள் திரும்பிவிடும். வான்வழிப் படம் வேண்டுமென்றால், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா ஒவ்வொரு பெரிய சூறாவளிக்கும் பிறகு கடற்கரை முழுக்கப் பறந்து எடுத்து இலவசமாக வெளியிடுகிறது. தன் வீடு நிற்கிறதா என்று வெளியூரில் தவிக்கும் ஆளுக்கு உங்கள் டிரோனைவிட அது வேகமாகப் பதில் சொல்லும்.

இறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கத்ரீனாவில் உடல்களை மீட்கும் பணியில் செய்தியாளர்களை அனுமதிக்க முடியாது என்றார்கள் அதிகாரிகள். சிஎன்என் தொலைக்காட்சி வழக்குப் போட்டது, தடை விலகியது. எடுக்கும் உரிமை இருக்கிறது என்பது வேறு. குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் முகமோ வீட்டு எண்ணோ தெரியும் படத்தை வெளியிடுவது வேறு. முகாமில் படுக்கையில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அந்தக் கட்டில்தான் இப்போதைக்கு அவர்கள் வீடு.

அடிக்குறிப்பும் பொய்ப் படமும்

2005 ஆகஸ்ட் 30-இல் ஒரே மாதிரி இரண்டு படங்கள் வந்தன. மார்பளவு தண்ணீரில் கடையிலிருந்து எடுத்த உணவோடு நடக்கும் மனிதர்கள். ஒன்றில் கறுப்பின இளைஞர். அடிக்குறிப்பு ‘கொள்ளையடித்துவிட்டு’ என்றது. மற்றதில் வெள்ளையர் இருவர், ‘கண்டெடுத்துக்கொண்டு’ என்றது. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு கேமராக்காரர்கள். தான் கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன் என்றார்கள். இருக்கலாம். வாசகருக்குக் கிடைத்தது அந்த இரண்டு வினைச்சொல்தான். ‘தண்ணீரில் நடக்கிறார், கையில் பை’ என்று எழுதினால் படம் எதையும் இழந்திருக்காது. யார், எங்கே, எப்போது, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது. இதற்கு மேல் நீங்கள் பார்க்காத எதையும் வினைச்சொல்லுக்குள் நுழைக்காதீர்கள்.

வெள்ளம் வந்த நெடுஞ்சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்தும் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். 2011-இல் ஐரீன் புயலோடு கிளம்பியது; ஹார்வியிலும் வந்தது, இனியும் வரும். தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கயாக்கைப் பின்தொடர்ந்த வெள்ளைச் சுறாவை வெட்டி ஒட்டியது அது. இதனால் 2022-இல் ஃபோர்ட் மையர்ஸில் வீட்டுப் பின்புற வெள்ளத்தில் சுறா போன்ற மீன் துள்ளும் வீடியோ வந்தபோது யாரும் நம்பவில்லை. அசல் கோப்பின் நேரத் தகவலைப் பார்த்த பிறகுதான் உண்மையென்று ஏற்றார்கள். 2008-இல் ஐக் சூறாவளிக்குப் பிறகு டெக்ஸஸின் கில்கிரைஸ்ட் ஊரில் சுற்றிலும் எல்லாம் துடைத்துப்போக ஒரே ஒரு மஞ்சள் வீடு நிற்கும் படமும் போலி என்றே பேசப்பட்டது. நிஜம்தான். மூன்று வருடம் முன் ரீட்டாவில் பழைய வீட்டை இழந்தவர்கள் உயரமான தூண்மேல் புதிதாகக் கட்டிய வீடு. 2024-இல் ஹெலீன் சூறாவளிக்குப் பிறகு படகில் நாய்க்குட்டியை அணைத்து அழும் சிறுமியின் படம் பரவியது. கணினி வரைந்த குழந்தை அது. அசல் கோப்பும், முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படமும் உங்களிடம் இருந்தால் உங்கள் படத்தை யாரும் அப்படித் தள்ள முடியாது. மங்கலாக வந்த படங்களைக்கூட அழிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஆறு மாதம் கழித்து

நீலத் தார்ப்பாய்களை எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ராணுவப் பொறியாளர் படை கூரைக்கு இலவசமாகப் போட்டுத் தரும் தற்காலிக உறை அது. சில வாரம் தாங்கவே போடுவது. மாதக்கணக்கில் கிடக்கும். நிறம் வெளுத்து, ஓரம் கிழிந்து, மேலே இன்னொன்று போட்டிருக்கும் கூரையை அதே இடத்திலிருந்து மறுபடி எடுப்பது முதல் படத்தைவிட அதிகம் சொல்லும். யார் திரும்பி வந்தார், யார் வரவில்லை என்பதை அதில் எண்ணலாம்.

அதே இடத்தில் நிற்பது நினைப்பதுபோல் சுலபமில்லை. ஜிபிஎஸ் பத்துப் பதினைந்து அடி தள்ளிக் காட்டும். முதல் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அருகில் இருக்கும் ஒரு பொருளும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பாருங்கள்: மின்கம்பத்தின் விளிம்பு தேவாலயக் கோபுரத்தின் எந்த ஜன்னலைத் தொடுகிறது என்பதுபோல. படத்தின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இப்படி இரண்டு ஜோடி பொருந்தினால் நீங்கள் நிற்கும் இடம் அதேதான். மரமும் வேலியும் ஜோடிக்கு ஆகாது, புயலுக்குப் பிறகு அவை மாறிக்கொண்டே இருக்கும். முதல் தடவை எடுக்கும்போதே இடியாத கட்டடம் ஏதாவது ஓர் ஓரத்தில் விழும்படி சட்டத்தை வைத்துக்கொண்டால் போதும்.